சிநேகமும் நாணயமும்

(இலுப்பூர்க் கடைவீதியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்திற்கு நம்மை அழைத்த தோழர்கள் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசவேண்டும் என்றார்கள். மூடநம்பிக்கை என்றவுடன் பேய், பிசாசு, சகுனம், ஜோசியம் என்பவைகளைப் பற்றித்தான் பேசுவோம் என்று எண்ணிச் சிலர் வந்திருக்கக்கூடும். அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தாலும் இருக்கட்டும். நாம் இன்று பேசப்போவது வேறொரு மூடநம்பிக்கையைப் பற்றியாகும். அதற்குக் கோயில் கிடையாது, பூசாரி கிடையாது. கோயிலுக்குப் போகாதவர்களிடத்திலும் அது இருக்கிறது. ஏன், கருப்புச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிற நம்மவர்களிடத்திலுமே இருக்கிறது. அதாவது, நமக்குப் பிடித்த பாட்டுக்காரர் தவறு செய்யமாட்டார், செய்திருந்தாலும் அவரை விட்டுக்கொடுக்கக் கூடாது, விட்டுக்கொடுக்கிறவன் துரோகி என்கிற நம்பிக்கையாகும்.

இதை நாமாக இழுத்துவரவில்லை. இவ்வூர் இளைஞர்கள் சிலர் மேடைக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். "பெரிய பாடகர் ஒருவர்மேல் பழி வந்தால் அவருடைய சிநேகிதர்களான மற்றக் கலைஞர்கள் அவர் பக்கம் நிற்பதா, விலகுவதா? எது விசுவாசம்?" என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியில் இரு கட்சியாகப் பிரிந்து கைப்பேசியில் ஒருவரையொருவர் வைதுகொள்வது இன்று ஊருக்கு ஊர் நடக்கிறது. பாடகர் வைகிறவர்களின் முகத்தைப் பார்த்ததும் இல்லை, வைகிறவர்களின் பெயர் பாடகருக்குத் தெரியவும் தெரியாது. ஆனாலும் சண்டை அண்ணன் தம்பிக்குள் நடக்கிறது.

முதலில் இந்த விசுவாசம் என்கிற சொல்லைச் சற்று யோசித்துப் பாருங்கள். அதை நாம் எங்கே உபயோகிக்கிறோம்? நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். பண்ணையாள் மிராசுதாரிடம் விசுவாசமாய் இருந்தான் என்கிறோம். பக்தன் பகவானிடம் விசுவாசம் வைக்கிறான் என்கிறோம். இந்த மூன்றிலும் ஒருபக்கம் எஜமானன், மறுபக்கம் அடிமை. சிநேகம் அப்படிப்பட்டதா? சமமானவர்களுக்குள் அல்லவா சிநேகம் இருக்கமுடியும்? நம் சிநேகிதன் தப்புச் செய்தால் "தப்பு" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு உரிமை இல்லை என்றால், அவன் நமக்குச் சிநேகிதனா, சாமியா? ஆகையால் அந்த இளைஞர்களின் கேள்வியில் சிநேகம் என்று ஒன்றும், விசுவாசம் என்று மற்றொன்றும் கலந்துகிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைய வேலை.

இதற்கு நம் நாட்டிலேயே நடந்த பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. இங்குள்ள முதியவர்கள் தங்கள் தகப்பனார் சொல்லக் கேட்டிருப்பார்கள். தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன் ஆகிய இருவர்மேலும் வந்த கொலைவழக்குத்தான் அது.

அக்காலத்தில் இந்த இலுப்பூர் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1948 மார்ச்சில்தான் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. இந்தச் சீமைக்குச் சொந்தப் பாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். பி.யு. சின்னப்பா. 'உத்தமபுத்திரன்', 'ஆரியமாலா', 'கண்ணகி', 'ஜகதலப்பிரதாபன்' என்று அவர் படங்கள் ஓடின. மறுபக்கம் திருச்சியில் வளர்ந்த பாகவதர். நகைத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, மேல்சாதிக்காரர்கள் வாய்பிளந்து கேட்கும்படி பாடினவர். பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று ரசிகர்கள் பிரிந்து நின்றார்கள். குரல் யாருக்கு உசத்தி என்று வாதாடுவதிலே நமக்கு ஆட்சேபனை ஒன்றும் இல்லை. காது அவரவருடையது. ஆனால் ஒரு குரலைப் பிடித்துப்போனால் அந்தக் குரலுக்குரியவருடைய ஒழுக்கத்திற்கும் நாமே ஜாமீன் கொடுக்கவேண்டும் என்று அந்தக் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

அப்பொழுது சென்னையில் லட்சுமிகாந்தன் என்று ஒருவர் இருந்தார். 1943ல் 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகையர் வீட்டுப் படுக்கையறைச் சங்கதிகளை, உண்மையோ பொய்யோ, அச்சடித்து விற்பதே அதன் தொழில். பாகவதரும், கிருஷ்ணனும், கோவைப் பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னருக்கு மனுக்கொடுத்து அதன் லைசென்சை ரத்துச் செய்யவைத்தார்கள். அவர் 'இந்து நேசன்' என்ற வேறொரு பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு பழைய தொழிலையே தொடர்ந்தார். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்திரிகை ரசிகர்கள் வாங்கித்தான் விற்றது. ஒரு கையில் பாகவதர் பாட்டுப் புஸ்தகம், மறுகையில் இந்து நேசன். பாட்டையும் ரசித்தார்கள், பழியையும் ரசித்தார்கள்.

1944 நவம்பர் 8ந் தேதி லட்சுமிகாந்தன் வேப்பேரியில் ரிக்ஷாவில் போகும்போது குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த டிசம்பரில் பாகவதரும், கிருஷ்ணனும், நாயுடுவும் சதி செய்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். 1945 மே மாதம் ஜூரிகளோடு விசாரித்த நீதிபதி மோக்கெட், நாயுடுவை விடுதலை செய்து மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தார். உயர்நீதிமன்ற அப்பீல் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிவந்து, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

இவ்வளவும் நடந்தபோது ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது. கைதுக்கு இரண்டு மாதத்திற்கு முன், 1944 தீபாவளிக்கு, 'ஹரிதாஸ்' வெளிவந்தது. பாகவதரும் கிருஷ்ணனும் மதுரமும் அதில் இருந்தார்கள். கதாநாயகன் ஜெயிலுக்குள் இருக்கும்போதே சென்னை பிராட்வே கொட்டகையில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இதைத்தான் இன்றைக்கும் ரசிகர்களின் விசுவாசத்திற்கு அத்தாட்சியாகப் பேசுகிறார்கள். தோழர்களே! அது விசுவாசந்தானா? நிழலைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். உண்மையான மனிதன் 1947ல் வெளியே வந்தான். 1948ல் 'ராஜ முக்தி' வந்தது. பிறகு 'அமரகவி', 'சியாமளா', 'புதுவாழ்வு' வந்தன. ஒன்றும் ஓடவில்லை. 1959ல், சர்க்கரை வியாதியாலும் கண்பார்வைக் கோளாறாலும் கஷ்டப்பட்டு, ஐம்பது வயதாகுமுன் அவர் இறந்தார். உயர்நீதிமன்றம் நிரபராதி என்றது. டிக்கெட்டு ஜன்னலில் நின்ற நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை! குற்றவாளி என்று தீர்ப்பிருந்தபோது படத்தை ஓட்டினவர்கள், நிரபராதி என்று தீர்ப்பான பிறகு படத்தை விட்டுவிட்டார்கள். காலம் மாறியது, சுவை மாறியது என்று காரணம் சொல்வார்கள். சொல்லட்டும், நாமும் மறுக்கவில்லை. சுவை மாறினால் போய்விடுகிற ஒன்றுக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டியதுதான் தவறு என்கிறோம்.

படமுதலாளிகள் கதையோ இன்னும் விசேஷம். பாகவதரை வைத்து எடுப்பதாகப் பேசியிருந்த படங்கள் கைதானவுடன் கைமாறின. 'உதயணன் வாசவதத்தா' ஜி.என். பாலசுப்பிரமணியத்திற்குப் போயிற்று. அது வியாபாரம், அதை நாம் குற்றம் சொல்லவில்லை. வியாபாரியிடம் லாபக்கணக்கைக் கேட்கவேண்டும், சிநேகக்கணக்கைக் கேட்கக்கூடாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். 'ஹரிதாஸ்' கதையில், தாய்தகப்பனை வதைத்துக் காலை இழந்தவனுக்குப் பக்தியினால் கால் திரும்பி வருகிறது. திரையில் காலைத் திருப்பிக்கொடுத்த பகவான் பிராட்வே கொட்டகையிலேயே தங்கிவிட்டார். ஜெயில் வாசலுக்கு வரவில்லை. அங்கே வந்தவர்கள் யார் என்றால் வக்கீல்கள். அந்த வக்கீல்களுக்குப் பணம் திரட்டினது யார் என்றால், ஒரு பெண்பிள்ளை.

அந்தப் பெண்மணிதான் டி.ஏ. மதுரம். தோழர்களே! சிநேகம் என்றால் என்ன என்று கேட்கிற இளைஞர்களுக்கு நாம் இந்த அம்மையாரைத்தான் காட்டுவோம். புருஷன் ஆயுள் கைதி. ஊர் வாய் மூடவில்லை. அம்மையார் கோயிலுக்குப் போய் மாங்கல்யப்பிச்சை கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. கிருஷ்ணனின் பழைய தோழரான எஸ்.வி. சகஸ்ரநாமத்தைத் துணைக்கொண்டு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். 'பைத்தியக்காரன்' என்று படம் எடுத்தார்கள். வழக்கை லண்டன்வரை நடத்தப் பணம் வேண்டும் அல்லவா? அந்தப் பணம் உழைப்பினால் வந்தது. அப்பீல் ஒருமுறை தோற்ற பின்னும் விடவில்லை. எந்த நீதிபதியையும் அவர் வையவில்லை, எந்தச் சாட்சியையும் அடிக்க ஆள் அனுப்பவில்லை. "என் புருஷன் குற்றவாளி அல்ல என்று நான் நினைக்கிறேன், அதைச் சட்டப்படி நிரூபிக்கிறேன்" என்கிற வழியைப் பிடித்தார்.

அதே சபாவில் இருந்த இன்னொருவர் கே.ஆர். ராமசாமி. இவர்கள் எல்லோரும் டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் ஒன்றாய் வளர்ந்தவர்கள். சபாவை நடத்துவதில் அபிப்பிராயபேதம் வந்து ராமசாமி பிரிந்துபோனார். உடனே பேசத்துவங்கினார்கள், ராமசாமி துரோகி என்று ஒரு கட்சி, சகஸ்ரநாமம் துரோகி என்று ஒரு கட்சி. பிரிந்துபோன ராமசாமி தொடங்கிய சபாவுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'கிருஷ்ணன் நாடக சபா' என்றே வைத்தார். தோழர் அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யும் 'ஓர் இரவு'ம் அந்த மேடையில்தான் ஏறின. ஜெயிலில் இருக்கும் மனிதனின் பெயரை, ஆயுள் தண்டனைக் கைதியின் பெயரை, ஊர் ஊராய்ப் போர்டில் எழுதிக் கட்டினார்கள். பிரிந்தவரும் சிநேகிதர்தான், பிரியாதவரும் சிநேகிதர்தான். யாருடைய சிநேகம் உசத்தி என்று எடைபோட, கொட்டகையில் டிக்கெட்டு வாங்கி உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன யோக்கியதை?

நிற்க. இந்தக் கதையில் நாம் எல்லோரும் மறந்துபோன ஒருவர் இருக்கிறார். செத்துப்போன லட்சுமிகாந்தன். அவர் மோசமான பத்திரிகை நடத்தினார். முன்னே போர்ஜரி வழக்கில் தண்டனை அடைந்தவர். எல்லாம் உண்மை. அதனால் அவரைக் குத்திக் கொல்லலாமா? பாகவதர் விடுதலையானதும் ரசிகர்கள் வெடி கொளுத்தினார்களே ஒழிய, "அப்படியானால் குத்தினது யார்?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? கொலையின் உண்மை இன்றைக்கும் வெளிவரவில்லை. ஒரு கட்சிக்குப் பாகவதர் வேண்டும், ஒரு கட்சிக்குப் பழி வேண்டும், நீதி வேண்டும் என்று ஒரு கட்சி இல்லை. செத்தவன் அயோக்கியனாகவே இருக்கட்டும், அவனுக்கும் நீதி உண்டு என்று சொல்வதற்குத்தான் மனுதர்மம் போய்ச் சட்டம் வந்தது.

இதிலிருந்து சிலர் ஒரு பாடம் படிக்கிறார்கள். "பார்த்தீர்களா, பாகவதர்மேல் வந்தது பொய்வழக்கு. ஆகையால் கலைஞர்கள்மேல் வருகிற பழி எல்லாம் பொய். ரசிகன் கடைசிவரை நம்பவேண்டும்" என்கிறார்கள். இது சரியான பாடமா?

அமெரிக்காவில் ஆர். கெல்லி என்று ஒரு பாடகர். அவர்மேல் சிறுபெண்களைப் பற்றிய குற்றச்சாட்டு வந்து, 2008ல் சிகாகோவில் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். ரசிகர்கள், "நாங்கள் அப்பொழுதே சொன்னோம்" என்றார்கள். 2021ல் நியூயார்க்கில் அதே மனிதர் பல வருஷக் கொடுமைகளுக்காகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மறுவருஷம் 30 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். லேடி காகா என்கிற பாடகி 2013ல் இந்த கெல்லியோடு சேர்ந்து ஒரு பாட்டுப் பாடியிருந்தார். 2019 ஜனவரியில், பாதிக்கப்பட்ட பெண்கள் பேசினதைக் கேட்டபின், அந்தப் பாட்டை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, சேர்ந்து பாடினதற்கு மன்னிப்பும் கேட்டார். உடனே அவரைத் துரோகி என்று ஒரு கூட்டம், இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று ஒரு கூட்டம்.

இப்பொழுது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாகவதர் ரசிகனுக்கு எவ்வளவு உறுதி இருந்ததோ, கெல்லி ரசிகனுக்கும் அவ்வளவு உறுதி இருந்தது. பாட்டைக் கேட்டு இருவரும் ஒரேமாதிரிதான் உருகினார்கள். ஒருவர் விடுதலையானார், ஒருவர் ஜெயிலுக்குப் போனார். அப்படியானால் ரசிகனுடைய உறுதி எதற்கு அத்தாட்சி? அவன் காதுக்கு அத்தாட்சி. அவ்வளவுதான். சாட்சி சொன்னதைக் கேட்காமல், புகார் என்ன என்பதைக்கூடப் படிக்காமல், குரலைக் கொண்டு குணத்தைத் தீர்மானிப்பதற்கும், கைரேகையைப் பார்த்துக் கல்யாணத்தைத் தீர்மானிப்பதற்கும் என்ன வித்தியாசம்?

இதுவரை கைதட்டினீர்கள். இனிமேல் சொல்லப்போவதற்கு எல்லோரும் கைதட்டமாட்டீர்கள் என்று நமக்குத் தெரியும். ஏனென்றால் அது நம் வீட்டுச் சங்கதி.

2018 ஜனவரியில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேசின பேச்சுக்காக மதவாதிகள் அவரைத் தூற்றினார்கள். நம்மவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். நின்றது முற்றிலும் சரி. அது கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிய பிரச்னை. அதே வருஷம் அக்டோபரில் பாடகி சின்மயி அந்தக் கவிஞர்மேல் பகிரங்கமாகப் பாலியல் புகார் சொன்னார். கவிஞர் மறுத்தார், சட்டப்படி சந்திக்கத் தயார் என்றார். குற்றம் நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ இந்த மேடையிலிருந்து தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதி அல்ல. பாகவதர் விஷயத்தில் அவசரத் தீர்ப்புக்கூடாது என்று சொன்ன வாய் இங்கேமட்டும் அவசரப்படாது. ஆனால் புகாரைக் கேட்டவுடன் நம்மவர்களில் பலர் கேட்ட முதல் கேள்வி என்ன? "என்ன நடந்தது?" என்பதா? இல்லை. "அந்த அம்மாள் என்ன சாதி?" என்பது! இரண்டாவது கேள்வி, "யார் தூண்டிவிட்டது?" என்பது. மூன்றாவது, "ஆண்டாள் விஷயத்தில் பழிவாங்குகிறார்கள்" என்கிற முடிவு.

தோழர்களே! சாட்சி சொல்கிறவர் என்ன சாதி என்று பார்த்துச் சாட்சியத்தை எடைபோடுவது யாருடைய ஏற்பாடு? மனுவினுடைய ஏற்பாடு அல்லவா? ஒரே குற்றத்திற்குச் சாதிக்கொரு தண்டனை எழுதிவைத்தவன் அவன் அல்லவா? அந்தப் புஸ்தகத்தைக் கொளுத்தினவர்கள் நாம். கொளுத்தின சாம்பலை எடுத்து நாமே நெற்றியில் பூசிக்கொள்ளலாமா? பார்ப்பனியத்தை எதிர்ப்பது என்பது பார்ப்பன வீட்டில் பிறந்த பெண்ணின் புகாரைக் காது கொடுத்துக் கேட்காமல் இருப்பது என்று எந்த மாநாட்டில் தீர்மானித்தோம்? 1929ல் செங்கற்பட்டில் கூடின முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும், உத்தியோகம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதில் "இன்ன சாதிப் பெண்களுக்கு மட்டும்" என்று ஒரு வார்த்தையும் இல்லை.

அதே 2018 அக்டோபரில் சென்னை மியூசிக் அகாடமி, இத்தகைய புகார்கள் எழுந்த ஏழு சங்கீதக் கலைஞர்களை அவ்வருஷத்து டிசம்பர்க் கச்சேரிகளிலிருந்து விலக்கியது. கோர்ட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. அப்பொழுது நம்மவர்கள் சிலர், "பார்த்தாயா சபாக்காரர் யோக்கியதையை" என்று சிரித்தார்கள். அங்கே ஏழு பேரைப் பற்றிச் சிரித்தவர்களுக்கு இங்கே ஒருவரைப் பற்றிப் பேச ஏன் வாய் வரவில்லை? "எங்கள் ஆள்" என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா? அடுத்த மாதம் அந்தப் பாடகியை டப்பிங் கலைஞர்கள் சங்கத்திலிருந்து எடுத்தார்கள். சந்தா பாக்கி என்று காரணம் சொன்னார்கள். புகார் சொன்ன சில வாரத்திற்குள் சந்தாக் கணக்கு ஞாபகத்திற்கு வந்தது! கூலிக்கு உழைக்கிறவர்களுக்காக ஏற்பட்டது தொழிற்சங்கம் என்று மேடைக்கு மேடை பேசுகிற நாம், அதைப் பற்றி எத்தனை கண்டனக் கூட்டம் போட்டோம்?

"கலைக்கு நஷ்டம் வரக்கூடாது, ஆகையால் இதையெல்லாம் கிளறக்கூடாது" என்று சொல்லும் ரசிகர்கள் வேறு இருக்கிறார்கள். இந்த வாதம் புதிதல்ல. இலுப்பூர்க்காரர்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதே இல்லை. பக்கத்தில் விராலிமலை இருக்கிறது. அந்தக் கோயிலில் பொட்டுக்கட்டிவிடப்பட்டு, சதிராடிய பெண்களில் கடைசியாக மிஞ்சியிருப்பவர் என்று முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு 2022ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் ஆடின ஆட்டத்தை ரசித்தவர்கள் எத்தனை பேர்! விவரம் தெரியாத வயதில் அவருக்குப் பொட்டுக்கட்டினதைப் பற்றிக் கேட்டவர்கள் எத்தனை பேர்? இந்தப் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் அந்த வழக்கத்தை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையில் எழுந்தபோது, கலை போய்விடும், சம்பிரதாயம் போய்விடும் என்று கூச்சலிட்டார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அந்த வாழ்க்கையின் உள்ளிருந்தே வந்து, 1936ல் 'தாசிகள் மோசவலை' என்று புஸ்தகமே எழுதினார். சட்டம் 1947ல்தான் முழுதாய் வந்தது. கலை போய்விட்டதா? பரதம் போய்விட்டதா? ஒன்றும் போகவில்லை. ரசிகன் தன்னுடைய சாயங்காலப் பொழுதுபோக்கு போய்விடுமே என்று பயந்த பயத்திற்குத்தான் கலைப்பற்று என்று பெயர் வைத்துக்கொண்டான்.

நண்பர்கள் விலகுவதிலும் விதம் உண்டு என்பதற்கு இன்னொன்று. 2024 மார்ச்சில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு மியூசிக் அகாடமி 'சங்கீத கலாநிதி' அறிவித்தது. ரஞ்சனி, காயத்ரி சகோதரிகள், கிருஷ்ணா பெரியாரைப் போற்றுகிறவர் என்பதைக் காரணமாக எழுதி, அவர் தலைமை வகிக்கும் மாநாட்டிலிருந்து விலகிக்கொண்டார்கள். விலகுவது அவர்கள் உரிமை. ஆனால் காரணத்தைப் பாருங்கள். யாருக்கும் தீங்கு செய்ததாகப் புகார் இல்லை. ஒரு கிழவரை மதித்தார் என்பதே குற்றம்! இதைப் படித்து நாம் எல்லோரும் சிரித்தோம். சிரிக்கவேண்டியதுதான். பெரியாரைப் போற்றுகிறார் என்பதற்காக ஒருவரை விலக்குவது எவ்வளவு மடமையோ, பெரியாரைப் போற்றுகிறார் என்பதற்காக ஒருவர்மேல் வரும் புகாரைக் கேட்க மறுப்பதும் அவ்வளவு மடமை. தாம் சொல்வதையே ஆராய்ந்து பார்த்துத்தான் ஏற்கவேண்டும் என்று சொன்னவருடைய பெயரை, ஆராயாமல் இருப்பதற்குக் கேடயமாகப் பிடிப்பது அவருக்குச் செய்கிற மரியாதையா?

சரி, சீட்டு அனுப்பின இளைஞர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். ஒருவர்மேல் பழி வந்தால் அவர் சிநேகிதர் செய்யத்தக்கது என்ன? வக்கீல் வைக்கலாம். ஜாமீன் நிற்கலாம். அவர் பெண்டு பிள்ளைகள் பட்டினி கிடக்காமல் பார்க்கலாம். ஜெயிலுக்குப் போய்ப் பார்க்கலாம். தண்டனையே கிடைத்தாலும், தண்டனை தீர்ந்து வருகிறவனுக்கு ஒருவேளைச் சோறு போடலாம். இதெல்லாம் மனிதத்தன்மை, இதற்காக ஒருவனைத் துரோகியின் கூட்டாளி என்று வைகிறவன் மூடன். ஆனால் புகார் சொன்ன பெண்ணைத் தூற்றக்கூடாது. சாட்சியைக் கலைக்கக்கூடாது. "இருபது வருஷமாகப் பழகுகிறேன், என்னிடம் அவர் அப்படி நடந்ததில்லை" என்று அத்தாட்சிப் பத்திரம் எழுதக்கூடாது. உம்மிடம் நடக்கமாட்டார்தான்! நீர் அவருக்குச் சமமானவர், அவர் தயவில் சான்ஸ் எதிர்பார்த்து நிற்கிறவர் அல்ல. அதிகாரம் உள்ளவன் சமமானவனிடத்தில் மரியாதையாய் இருப்பதில் அதிசயம் என்ன? மிராசுதார் மற்றொரு மிராசுதாரிடம் எப்படிப் பேசுகிறார் என்று கேட்டா, அவர் பண்ணையாளை எப்படி நடத்துகிறார் என்று தெரிந்துகொள்வோம்?

சிநேகிதர் வாயே திறக்காமல் இருந்தால்? இருக்கட்டும். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது நமக்குத் தெரியாது. ஆனால் புகார் சொன்னவர் அவருடைய கண்ணெதிரே தொழிலை இழக்கும்போதும் பேசாமல் இருப்பாரானால், அந்த மௌனத்தைப் பெருந்தன்மை என்று நாம் புகழவேண்டிய அவசியம் இல்லை.

ரசிகர்களுக்கோ இந்த வேலைகள் ஒன்றும் இல்லை. நீங்கள் அவர்களுக்குச் சிநேகிதர் அல்ல. உங்கள் வீட்டுக் கல்யாணத்திற்கு அவர்கள் வரப்போவதில்லை, உங்கள் வயலில் தண்ணீர் இல்லை என்றால் கேட்கப்போவதும் இல்லை. நீங்கள் காசு கொடுத்தீர்கள், அவர்கள் பாட்டுக் கொடுத்தார்கள். கணக்குத் தீர்ந்தது. தீர்ந்த கணக்குக்காகப் பக்கத்துவீட்டுப் பையனிடம் பேசாமல் இருப்பது என்ன அறிவு? இவ்வூர் இளைஞர்களில் இரண்டு பேர் இந்தச் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆறுமாதமாய் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். இருவரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கலைஞர்களின் சிநேகம் நிலைக்குமா என்று வாதாடி, தங்கள் சிநேகத்தைத் தொலைத்துக்கொண்டார்கள். அவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் எழுந்து நிற்கும்படி நாம் கேட்கமாட்டோம். கூட்டம் முடிந்தபின் அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

இப்பொழுதுதான் இன்னொரு சீட்டு வந்தது. "பழி வந்தவரின் பாட்டைக் கேட்கலாமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம். பாட்டு ஒருவருடைய சொத்தல்ல. பாகவதர் பாட்டில் பாபநாசம் சிவன் எழுதினது உண்டு, ஜி. ராமநாதன் மெட்டமைத்தது உண்டு, பெயர் தெரியாத வாத்தியக்காரர்கள் வாசித்தது உண்டு. பாட்டைக் கேட்டால் நீங்கள் குற்றத்துக்கு உடந்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பாட்டு காதில் விழுந்தால் மனம் கசக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், "என்ன இருந்தாலும் பாட்டு பாட்டுத்தான்" என்று அவளிடம் வாதாடாமல் நிறுத்திவையுங்கள். ஆனால் மேடை போட்டு, மாலை சூட்டி, பட்டம் கொடுக்கும்போது மட்டும் "புகார் என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். பாட்டைக் கேட்பது காதின் காரியம். பட்டம் கொடுப்பது ஊரின் காரியம். ஊரின் காரியத்தில் கேள்வி கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, நம் கட்சி மேடையானாலும் சரி.

அதற்கு நம்மிடம் கோபித்துக்கொள்ளும் தோழர்கள் இருப்பார்கள். முன்வரிசையில் இருவர் முகம் சுளித்ததைப் பார்த்தோம். அவர்கள் இந்த மேடைக்கு வந்து பத்து நிமிஷம் மறுத்துப் பேசலாம், தலைவர் அனுமதி கொடுப்பார். அதன்பின் பேசவேண்டிய தோழர் ஒருவரும் காத்திருக்கிறார். ஆகையால் நாம் இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.